மஞ்சள் கிண்ணத்தின் உள்பக்கம்

அன்புள்ள சேகர்,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. சொட்டு மருந்தை மறக்காமல் போடச் சொல். இங்கே லண்டனில் குளிர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரிட்டிஷ் மியூசியத்தின் 95ஆம் அறைக்குள் போனவன், மூடுகிற நேரம்வரை வெளியே வரவில்லை.

அறை முழுக்கச் சீனப் பீங்கான். பம்பாயில் பிறந்த பெர்சிவல் டேவிட் சேர்த்தது, ஏறக்குறைய 1700 உருப்படி. பூ வேலை, டிராகன் வேலையெல்லாம் அபாரம்தான். ஆனால் வெறும் மஞ்சள் பாத்திரங்களிடமிருந்துதான் என்னால் நகர முடியவில்லை. சீனாவின் மிங் வம்சப் பேரரசர் ஹோங்ஜி காலத்து (1488–1505) மஞ்சளுக்கு இணையே இல்லை என்பார்கள். பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தேஜென் ஊரின் சூளையில் பாத்திரத்தை முதலில் வெள்ளையாகவே கடும் சூட்டில் சுட்டெடுப்பார்கள். அப்புறம் ஈயமும் இரும்பு ஆக்சைடும் சேர்ந்த மெருகை (கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சு) பூசி, குறைந்த சூட்டில் மறுபடி சுடுவார்கள். அடியில் இருக்கும் வெள்ளைதான் மஞ்சளை அப்படி ஒளிரவைக்கிறது.

சீனர்கள் கணக்கில் மஞ்சள் என்றால் மண், நடு. நான்கு திசைக்கும் நடுவில் பேரரசர். 1530இல் ஜியாஜிங் பேரரசர் வழிபாட்டுப் பாத்திரங்களுக்கு நிறம் பிரித்தபோது பூமிக்கு மஞ்சள், வானத்துக்கு நீலம்.

மிங்குக்குப் பின் வந்த சிங் வம்சத்து அரண்மனை இந்த நிறக் கணக்கை அந்தப்புரம்வரை கொண்டுபோனது. உள்ளும் புறமும் மஞ்சள் என்றால் பேரரசிக்கும் பேரரசரின் தாய்க்கும்தான். அடுத்த படியில் இருப்பவளுக்கு வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை. அதற்கும் கீழே மஞ்சளில் பச்சை டிராகன், பிறகு நீலத்தில் மஞ்சள் டிராகன் என்று இறங்கிக்கொண்டே போகும். எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு முதல் இரண்டும் ஒன்றுதான். சூப்பைக் குடித்து முடிக்கிறவளுக்கு மட்டும் அடியில் வெள்ளை தெரியும், தினமும். யார் யோசித்தார்களோ, பொல்லாத மூளை! ஹோங்ஜிக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவருக்கு ஒரே மனைவி.

சரி, நீ கெமிஸ்ட்ரி வாத்தியார், ஒன்று சொல். குறைந்த சூட்டில் சுட்ட ஈய மெருகில் புளிப்பாக எதையாவது ஊற்றி வைத்தால் ஈயம் இறங்கும் அல்லவா? அப்படியானால் உள்ளே வெள்ளை வாங்கியவள்தான் பிழைத்தாளா?

அடுத்த கடிதத்தில் பதில் எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
முரளி