கணப்புக்கு வாயைவிடத் தொண்டை முக்கியம்

ஆகஸ்ட் 14

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் கோத்தகிரி வீட்டு வரைபடமும் வந்து சேர்ந்தன. பெரியவளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அவளிடம் சொல். தங்கச்சிக்குக் குளிர் வந்தாலே முழங்கால் பிடித்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தாய். அதனால் மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு கணப்பை, அதாவது குளிர்காய வீட்டுக்குள் கட்டும் விறகு அடுப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

படத்தில் கூடத்துக் கணப்பின் வாய் 48 அங்குல அகலம், 36 அங்குல உயரம். மேலே 8 அங்குலக் குழாய். இப்படியே கட்டினால் கூடம் முழுக்கப் புகைதான். கணக்குப் போட்டுப் பார். வாயின் பரப்பு 1,728 சதுர அங்குலம். புகைக்குழாயின் உட்பரப்பு அதில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும், அதாவது 173. எட்டங்குல வட்டக் குழாயில் கிடைப்பது 50தான். மீதிப் புகைக்கு உன் கூடத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. மூடிய இரும்பு அடுப்புக்குப் போட வேண்டிய குழாயை, திறந்த கணப்புக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

உன் கூடத்துக்கு 30 அங்குல அகலம், 28 அங்குல உயரம் தாராளம். பரப்பு 840. பத்தில் ஒரு பங்கு 84. நீ 12 அங்குலக் குழாயே போடு, 113 கிடைக்கும். இந்தக் கூடுதல் வீண் இல்லை. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. சிம்னியின் இழுவையும் அதற்கேற்பக் குறையும். அடுப்புத் தரையிலிருந்து சிம்னி உச்சிவரை 15 அடிக்குக் குறையக் கூடாது. கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து 3 அடி, சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் எந்த முகட்டையும்விட 2 அடி, இரண்டில் எது அதிகமோ அதுவரை ஏற்று. சிம்னியை வெளிச்சுவரில் ஒட்டவைக்காமல் வீட்டின் நடுச்சுவரில் வை. வெளிச்சுவர்ச் சிம்னி இரவெல்லாம் சில்லிட்டுக் கிடக்கும், அதில் புகை எளிதில் மேலே ஏறாது.

அடுத்தது உள்வடிவம். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆழமான பெட்டி போலக் கட்டினால் சூடு பின்சுவரிலேயே அடங்கிவிடும். கணப்பின் வடிவத்தை ஆராய்ந்த ரம்ஃபோர்டு என்ற விஞ்ஞானி 1796இல் எழுதிய கட்டுரை சொல்வது இதற்கு நேர்மாறு: ஆழம் குறைவு, பக்கச் சுவர்கள் அறையைப் பார்த்து விரிந்திருக்க வேண்டும், தொண்டை, அதாவது வாய்க்கு மேலே புகை குழாய்க்குப் போகும் இடுக்கு, ஒடுங்கியிருக்க வேண்டும். உன் அளவுக்குப் பின்சுவர் 14 அங்குலம், ஆழம் 14 அங்குலம் போதும். விரிந்த சுவர்கள் சூட்டை ஆட்கள் பக்கம் திருப்பும். வாயின் மேல்விளிம்புக்கு ஒரு அடி மேலே தொண்டை, முன்னுக்குப் பின் 4 அங்குலம். முன்பக்க உள்விளிம்பை நறுக்கென்று வெட்டிவிடாமல் வளைவாகப் பூசச் சொல். கூர்முனை இருந்தால் அங்கே காற்று சுழன்று புகையைத் திருப்பி விடும். தொண்டைக்கு மேல் குழாய்வரை உட்புறம் மேடுபள்ளம் இல்லாமல் வழவழவென்று பூசியிருக்க வேண்டும்.

நெருப்பு படும் இடமெல்லாம் 9 × 4½ × 3 அங்குல ஃபயர் பிரிக் என்ற சூடு தாங்கும் செங்கல்தான். சாதாரண சிமென்ட் கலவை சூட்டில் பொடிந்து உதிரும். ஃபயர் கிளே என்ற சூடு தாங்கும் களிமண் கலவையைத் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து, கல்லை அதில் தோய்த்து எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி உட்கார வைக்க வேண்டும். இணைப்பு 3 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது, 6-ஐத் தாண்டவே கூடாது. கனமாகக் கலவை வைத்துப் பழகிய கொத்தனார் இதற்கு முரண்டு பிடிப்பார். முதல் இரண்டு வரிக்கு நீயே பக்கத்தில் நில். வாய்க்கு மேல் போடும் இரும்பு ஆங்கிளின் இரு முனையிலும் அரை அங்குலம் இடம் விடு. சூட்டில் இரும்பு நீளும். இடம் இல்லாவிட்டால் சுவரைப் பிளந்துகொண்டு போகும். பல வீடுகளில் வாயின் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலுக்கு இதுதான் காரணம்.

வாய்க்கு முன்னால் 20 அங்குலம், இரு பக்கமும் 12 அங்குலம் கல்தளம் இருக்கட்டும். மரப்பலகை மேல்தட்டு ஆசையாக இருந்தால் வாய்க்கு 12 அங்குலம் மேலே வை. கூரை மரங்களுக்கும் சிம்னிக்கும் நடுவே 2 அங்குல இடைவெளி கட்டாயம். உச்சியில் மழை மூடியும் அரை அங்குலக் கம்பிவலையும் போடு, இல்லாவிட்டால் பறவை குடிவந்துவிடும்.

கட்டி முடித்ததும் ஒரு மாதம் ஆறவிடு. பிறகு ஒரு வாரம் சுள்ளி நெருப்பு மட்டும், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி. முதல் நாளே கட்டையை அடுக்கினால் உள்ளே மிஞ்சிய ஈரம் ஆவியாகிக் கலவையைப் பிளந்துவிடும். வடகிழக்கு மழைக்கு முன் சிம்னி வேலை முடியட்டும்.

அப்படியும் புகை திரும்பினால் முதலில் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திப் பார். அது இழுக்கும் காற்றுக்கு ஈடாகச் சிம்னி வழியே காற்று உள்ளே இறங்கும். அடுத்து ஜன்னலை இரண்டு விரல் திறந்து பார். புகை நின்றால் அடுப்பருகே வெளிக்காற்றுக்கு 4 அங்குலக் குழாய் ஒன்று போட வேண்டும் என்று அர்த்தம். அதிலும் நிற்காவிட்டால் ஒரு தகரத்தை வாயின் மேல்விளிம்பில் வைத்து அங்குலம் அங்குலமாக இறக்கு. எந்த இடத்தில் புகை அடங்குகிறதோ அந்த அளவுக்கு ஒரு தகட்டை அடித்துவிடு. குளிர்ந்த சிம்னிக்கு, பற்றவைக்குமுன் ஒரு தினத்தாளைச் சுருட்டிக் கொளுத்தித் தொண்டைக்கு நேரே பிடித்தால் இழுவை வந்துவிடும்.

விறகுக்குச் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) அங்கேயே கிடைக்கும். பிளந்து, மழை படாமல் ஒரு வருஷமாவது காய வேண்டும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்: காய்ந்தது ‘டங்’கென்று கேட்கும், ஈரம் ‘தொப்’பென்று கேட்கும். ஈர விறகின் புகை குழாயில் தார்போலப் படியும், ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை, குளிர் தொடங்குமுன், பிரஷ் விட்டுத் துடைக்கச் சொல்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். திறந்த கணப்பில் விறகின் சூட்டில் 10, 15 சதவீதம்தான் அறைக்குள் நிற்கும். கண்ணாடிக் கதவு வைத்த நல்ல இரும்பு அடுப்பு 60, 70 வரை தரும். அழகு முக்கியமா, முழங்கால் முக்கியமா என்று தங்கச்சியையே கேள். அவள் அடுப்பு என்றால் 6 அங்குலக் குழாய் போதும். மறைப்பில்லாத மரச்சுவரிலிருந்து 3 அடி தள்ளி வை. எதைக் கட்டினாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கு. படுக்கையறையில் கரிச்சட்டி வைக்க யாரையும் அனுமதிக்காதே. கதவைச் சாத்திவிட்டுக் கரி எரித்துத் தூங்கியவர்கள் மலையூர்களில் உயிரைவிட்டிருக்கிறார்கள். அதில் புகையும் தெரியாது, வாசமும் வராது.

தோட்டத்துத் தீக்குழிக்கு 3 அடி உள்விட்டம், ஓரடி உயரச் சுவர், அடியில் அரையடி ஜல்லி போதும். வீட்டிலிருந்து 10 அடிக்கு மேல் தள்ளி, மேலே கிளை இல்லாத இடமாகப் பார். ஓடையில் பொறுக்கிய கூழாங்கல் வேண்டவே வேண்டாம், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கும். பிப்ரவரி, மார்ச்சில் புல் காய்ந்திருக்கும்போது பற்றவைக்காதே.

கொத்தனாரிடம் பேசுமுன் திருத்திய படத்தை எனக்கு அனுப்பு. வாயின் அகலம், உயரம், குழாயின் உள்விட்டம், சிம்னியின் மொத்த உயரம், இந்த நாலு எண் இருந்தால் போதும்.

அன்புடன்,
ராஜு