ரவானுக்கு நெருப்பு

ரோஸ் ஹில், மொரீஷியஸ்,
நவம்பர், ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. பாரிஸில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ.

வெள்ளிக்கிழமை நம் பழைய பள்ளிக்கூடத்தில் ஆண்டு முடிவுக் கச்சேரி. ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் என்று முன்வரிசையில் உட்காரவைத்து, சூடாகக் காத்தோ பிமா வடை கொடுத்தார்கள். ரெக்கார்டர் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பத்துப் பேர், பத்துச் சுருதி. அப்புறம் வயலினோடு ஒரு சிறுமி வந்தாள். பாதி வர்ணத்தில், தந்தியை முறுக்கும் பிரடை நழுவிவிட்டது. பதறவே இல்லை. பிரடையை அழுத்தித் திருகி, பஞ்சமம் சேரும்வரை சபையையே காக்கவைத்தாள். எனக்கு அந்தத் திமிர் பிடித்திருந்தது.

கடைசியில் மிருதங்கமும் நம் தீவின் வட்டப் பறையான ரவானும் சேர்ந்து வாசிப்பதாக ஏற்பாடு. மத்தியானத்திலிருந்தே மழை. மிருதங்கப் பையன் இடப்பக்கத் தோலான தொப்பியில் ரவைப்பசை அப்பிக்கொண்டு தயாராக இருந்தான். ரவானின் ஆட்டுத்தோலோ ஈரம் குடித்துத் தொளதொளத்துப் போயிருந்தது. தட்டினால் அட்டைப்பெட்டிச் சத்தம். ஒன்றுக்கு ஈரம் வேண்டும், ஒன்றுக்கு நெருப்பு வேண்டும். பள்ளிக்குள் தீ மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ரவான் பையனின் தாத்தா வாதாடவில்லை. வாசலுக்கு வெளியே போய், ஒரு பழைய தகர டப்பாவில் காய்ந்த தென்னோலையைக் கொளுத்தினார். குடை பிடித்தது நான்! தோலைத் தீக்கு மேலே காட்டிச் சுற்றிக்கொண்டே விரலால் சுண்டிப் பார்த்தார். தொப், தொப் என்றிருந்தது மெல்ல ஏறி, ணங்கென்று ஒரு சத்தம். "ஓடு" என்றார் பேரனிடம். சூடு ஆறுவதற்குள் வாசித்தாக வேண்டும்.

அவன் நம் தீவின் ஆட்டப்பாட்டான சேகாவின் அடியைத் தொடங்கினான். ஒரு பெண் விதை போட்ட மரவான் பெட்டியைக் குலுக்கினாள். மிருதங்கம் மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் தகிட தகிட என்று உள்ளே வந்தது. சேகாவின் ஆறு தட்டும் நம் தகிட தகிடவும் ஒன்றுதான் என்று 12 வயதில் நீ சாப்பாட்டு மேசையில் தட்டிக் காட்டினாயே, அதேதான்.

அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "மோக்கா ஊருக்குப் போய் மிருதங்கம் கற்கிற கைக்கு ரவான் எதற்கு?" என்றேன். கச்சேரிப் பட்டியலில் உன் பெயரை நானே அடித்தேன். நீ அழவில்லை. அடுத்த வாரம் மிருதங்கத்துக்கும் போகமாட்டேன் என்றாய். 2014இல் யுனெஸ்கோ சேகாவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, வகுப்பில் பெருமையாகப் பாடம் நடத்தினேன். வீட்டில் உன்னிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. அது தப்பு, கண்ணு. ரவானைத் தடுத்ததும் தப்புதான்.

உன் ரவான் அலமாரிக்குப் பின்னால்தான் இருக்கிறது. தோலை ஒரு ஓரத்தில் எலி கடித்துவிட்டது. நேற்று அந்தத் தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சட்டம் நன்றாக இருக்கிறதாம். ஆட்டுத்தோல் கட்டவா, பிளாஸ்டிக் கட்டவா என்று கேட்கிறார். பிளாஸ்டிக் என்றால் மழைக்குப் பயமில்லை, தீயும் வேண்டாம். எது என்று எழுது. ஆட்டுத்தோல் என்றால், டிசம்பரில் நீ வருவதற்குள் தென்னோலை காயவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா