42 நிமிடங்களுக்கு முன்

அன்பு மகளுக்கு,

"ஒண்ணும் இல்லப்பா, ஸ்டேஷனுக்குள்ளதான் சுத்திக்கிட்டிருந்தேன்" என்று நேற்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் நான் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லவில்லை. நீ அனுப்பிய லொகேஷன் லிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டோக்கியோவில் ஷின்ஜுகு ஸ்டேஷன் மேல் உன் புள்ளி நின்றது. அசையவே இல்லை. பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன், ஆப்பை மூடித் திறந்தேன். "அவ என்ன சின்னப் பிள்ளையா, போய்த் தூங்குங்க" என்றாள் உன் அம்மா. ஆனால் அவளும் தூங்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்துத்தான் உன் பெயருக்குக் கீழே இருந்த சின்ன எழுத்து கண்ணில் பட்டது: '42 நிமிடங்களுக்கு முன்'. அதாவது நான் பார்த்துக்கொண்டிருந்தது உன்னை இல்லை, 42 நிமிடத்துக்கு முன் நீ இருந்த இடத்தை. மேப் அதை மறைக்கவில்லை, எழுதித்தான் வைத்திருந்தது. நான்தான் புள்ளியை மட்டும் பார்த்தேன். அந்தச் சின்ன எழுத்துதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

உன் போனில் நீ எங்கே இருக்கிறாய் என்று காட்டும் நீலப் புள்ளியும் இப்படித்தான். அதைச் சுற்றி வெளிர்நீலத்தில் ஒரு வட்டம் வரும், கவனித்திருப்பாய். 'இதற்குள் எங்கோ இருக்கிறாய், இதற்கு மேல் எனக்குத் தெரியாது' என்பதுதான் அதற்கு அர்த்தம். வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் சரியாகச் சொல்லிவிடும். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிடமிருந்து சிக்னல் வருகிறது. குறைந்தது நான்கிலிருந்து வந்தால்தான் கணக்குப் போட முடியும். ஒவ்வொரு சிக்னலும் வந்துசேர எவ்வளவு நேரம் எடுத்தது என்பதுதான் கணக்கு. உயரமான கட்டடங்களுக்கு நடுவே அது சுவரில் மோதி, திரும்பி, சுற்றிக்கொண்டு வரும். போனுக்கு அது தெரியாது. தூரம் அதிகம் என்று நினைத்துப் புள்ளியைப் பக்கத்துத் தெருவில் வைத்துவிடும். பூமிக்கடியில் அந்த சிக்னலே கிடையாது. வைஃபையையும் டவரையும் வைத்து ஊகிக்கிறது.

நானும் அம்மாவும் வெனிஸ் போனபோது என்ன நடந்தது என்பதை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. சாயங்காலம், ஆளுக்கொரு பெட்டி, இரண்டு கையை விரித்தால் சுவர் தட்டும் சந்து. புள்ளி திடீரென்று கால்வாய்க்கு அந்தப் பக்கம் குதித்தது. பாலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினோம். உடனே புள்ளி பழைய கரைக்கே வந்துவிட்டது. மறுபடி பாலம். அம்மாவுக்கு அப்போதே முழங்கால் வலி இருந்தது, என்னிடம் சொல்லவில்லை. அந்த நேரம் வட்டத்தைப் பார்த்திருந்தால், அது கால்வாயையும் இரண்டு கரையையும் சேர்த்து மூடும் அளவுக்கு உப்பியிருந்தது தெரிந்திருக்கும். கொஞ்சம் திறந்த இடத்துக்குப் போய் ஒரு நிமிடம் நின்றிருந்தால் தானாகச் சரியாகியிருக்கும்.

அதோடும் முடியவில்லை. 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று போன் சொன்ன இடத்தில் விடுதியே இல்லை. ஜன்னலில் நின்ற ஒரு பாட்டி போனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, "செஸ்தியேரே?" என்று ஒரே வார்த்தை கேட்டார். வெனிஸ் ஆறு பகுதிகளாகப் பிரிந்தது. பகுதியைத்தான் அவர்கள் செஸ்தியேரே என்கிறார்கள். வீட்டு எண் தெருவுக்குத் தெரு புதிதாக ஆரம்பிக்காது, ஒரு பகுதி முழுக்க ஒன்றிலிருந்து ஆயிரக்கணக்கில் ஓடும். காலே தெல் ஃபோர்னோ மாதிரி ஒரே பெயருள்ள சந்துகளும் வேறு வேறு பகுதியில் உண்டு. நான் சந்துப் பெயரையும் எண்ணையும் அடித்துவிட்டு, பகுதியின் பெயரை விட்டுவிட்டேன். மேப் கேட்டதற்குச் சரியாகவே பதில் சொன்னது, நான் கேட்டதுதான் தப்பு.

டோக்கியோவில் இதை இந்நேரம் நீயே பார்த்திருப்பாய். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது, கட்டடத் தொகுதிகளுக்குத்தான் எண். முகவரியைப் பார்த்துத் தெருவைத் தேடினால் கிடைக்காது. அதனால் விலாசத்தைத் தட்டச்சு செய்யாமல், விடுதி அனுப்பிய மெயிலிலிருந்து அப்படியே காப்பி செய்து போடு. ஷின்ஜுகுவுக்கு 200-க்கும் மேற்பட்ட வாசல்கள் இருக்கின்றன. 'எந்த வாசலாவது ஏறி வெளியே போவோம், அப்புறம் மேப்பைப் பார்த்துக்கொள்ளலாம்' என்பது அங்கே எடுபடாது. கிழக்கில் ஏற வேண்டியவள் மேற்கில் ஏறினால், தண்டவாளத்தைச் சுற்றிக்கொண்டு வரவே ரொம்ப நேரமாகும். ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதே, மேப் காட்டும் வழியில் வாசல் எண் எழுதியிருக்கிறதா பார். அதை மனசில் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கிறவரை போனைப் பையில் போட்டுவிட்டுப் பலகையைப் பார்த்து நட. பூமிக்கடியில் பலகைக்குத் தெரிந்த அளவு புள்ளிக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் எந்தப் பக்கம் திரும்புவது? புள்ளியிலிருந்து விசிறி மாதிரி ஒரு வெளிச்சம் விரியும், நீ பார்க்கும் திசை அதுதான். விசிறி அகலமாக இருந்தால் போனுக்கே திசை குழப்பம் என்று அர்த்தம். போனைக் கையில் பிடித்துக் காற்றில் இரண்டு மூன்று தடவை எட்டு போட்டால் குறுகிவிடும். இதையெல்லாம் ஒரு சுவரோரம் ஒதுங்கி நின்று செய்யம்மா. போனைப் பார்த்தபடி சாலையில் இறங்காதே. இதை மட்டும் அப்பா கெஞ்சிக் கேட்கிறேன்.

அடுத்து சியோல் போகிறாய். அங்கே பழைய பழக்கம் அப்படியே கைகொடுக்காது. விரிவான வரைபடத் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக கூகுள் 2007-லும் 2016-லும் அனுமதி கேட்டது. பாதுகாப்பைக் காரணம் காட்டி தென்கொரிய அரசு மறுத்துவிட்டது. அதனால் நடந்து போகும் வழி கூகுள் மேப்பில் அங்கே பல வருஷம் ஒழுங்காகக் கிடைத்ததில்லை. அந்த ஊர்க்காரர்கள் நேவர் மேப், காகாவோ மேப் என்றுதான் போகிறார்கள். நேவரில் ஆங்கிலமும் இருக்கிறது. விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள். விடுதியின் பெயரையும் விலாசத்தையும் கொரிய எழுத்திலேயே ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை, டாக்ஸி ஓட்டுநரிடம் காட்ட.

ஆஃப்லைன் மேப்பை டவுன்லோட் செய்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதே. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் புள்ளி வேலை செய்யும், அது வானத்திலிருந்து வருவது. ஆனால் ஆஃப்லைனில் கூகுள் மேப் காரோட்டுகிறவர்களுக்குத்தான் வழி சொல்லும். நடக்கவும் ரயில் மாறவும் சொல்லாது. 2004-ல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒன்று இருக்கிறது, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் தெருத்தெருவாகச் சேர்த்தது. அதை வைத்து இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் நெட் இல்லாமலேயே நடைவழி காட்டும். ஒற்றையடிப் பாதையைக்கூட யாரோ ஒருவர் நடந்து பார்த்து அதில் வரைந்து வைத்திருக்கிறார். முகம் தெரியாத அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது, நாளைக்கு என் மகள் நடக்கப்போகும் வழி அது.

கடைசியாக ஒன்று. மேப்பும் சார்ஜைத் தின்னும், லொகேஷன் ஷேரிங்கும் தின்னும். பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே போனால் முதலில் எனக்குக் காட்டிக்கொண்டிருப்பதை நிறுத்திவிடு. மீதி இருக்கும் சார்ஜ் நீ விடுதிக்குப் போய்ச்சேர வேண்டியது, நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க அல்ல. புள்ளி காணாமல் போனால் சார்ஜ் குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அறைக்கு வந்து போனைச் செருகியதும் 'வந்துட்டேன்' என்று ஒரு வரி போடு. எத்தனை மணியானாலும் சரி, விழித்திருப்பேன்.

அப்பா