கடலை எண்ணெய் மேல் பழி

அன்புள்ள விஜி,

இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை என்று வைதிருப்பாய். வைது முடித்துவிட்டு மேலே படி. நாங்கள் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. வார்டனம்மா போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்ததா? சாவிக்கொத்தையும் கூடவே அனுப்பியிருப்பார்கள்.

எழுத உட்கார்ந்தது அக்கா மகள் சுமதியின் பையனைப் பற்றி. கோடை விடுமுறையில் பார்த்தபோது 'என்னடி இப்படிக் கறுத்துவிட்டான்' என்று நீ கேட்டாய். வெயிலில் ஆடுகிறான் என்றோம். அப்புறம் வாந்தி, எந்நேரமும் சோர்வு. ஒரு டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார், இன்னொருவர் பள்ளிக்கூடம் போகப் பயம் என்றார். கடைசியில் ஹார்மோன் டாக்டர் ஒருவர்தான் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி வேலை செய்யவில்லை என்று பிடித்தார். ஆண்பிள்ளைக்கு இது வந்தால் கொழுப்பு அமிலத்தையும் பார்த்தாக வேண்டும் என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். 26 கார்பன் அமிலம் எக்கச்சக்கமாக இருந்தது. ஏ.எல்.டி. என்கிறார்கள், முழுப்பெயர் அட்ரினோலியூகோடிஸ்ட்ரோபி.

ஸ்டியரிக் அமிலத்துக்கு 18 கார்பன் என்று ஒப்பித்ததோடு நம் படிப்பு முடிந்தது. (நீ அதையும் ஒப்பிக்கவில்லை.) 22, 24, 26 என்று இன்னும் நீளமானவையும் மூளைக்கும் தோலுக்கும் வேண்டியிருக்கிறது. உடம்பே சங்கிலியை நீட்டிக்கொள்கிறது. வேலை முடிந்ததும் செல்லுக்குள் இருக்கும் பெராக்சிசோம் என்ற நுண்ணறையில் அது நறுக்கப்பட வேண்டும். உள்ளே அனுப்பும் புரதம் இவனுக்குப் பழுது. நறுக்கப்படாதது நரம்பு உறையிலும் அட்ரினலிலும் தேங்குகிறது. மூன்றில் ஒரு பையனுக்கு மேல், பெரும்பாலும் 4 வயதிலிருந்து 10 வயதுக்குள், மூளையையே தாக்கிவிடுமாம். இவனுக்கு 7. எம்.ஆர்.ஐ. இப்போதைக்குச் சுத்தம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். மாற்றம் தெரிந்தால் உடனே ஸ்டெம் செல் சிகிச்சை, முற்றவிட்டால் பலனில்லை.

இதற்கிடையில் வீட்டில் எண்ணெய்ச் சண்டை. கடலை எண்ணெயில் 22, 24 கார்பன் அமிலங்கள் இருப்பதாக யாரோ சொல்ல, அக்கா டின்னோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். சுமதியின் கணவர் 1992-இல் வந்த 'லொரென்சோஸ் ஆயில்' படத்தைப் பார்த்துவிட்டு அந்த எண்ணெய்தான் வேண்டும் என்கிறார். லொரென்சோ ஓடோனே இதே நோய் வந்த நிஜப் பையன். அந்த எண்ணெய்க்காகப் பாடுபட்ட அப்பா உலக வங்கிப் பொருளாதார நிபுணர், மருத்துவர் இல்லை. ஒலியிக் அமிலமும் எரூசிக் அமிலமும் 4:1 கலந்த எண்ணெய் அது. சங்கிலியை நீட்டும் நொதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ரத்தத்தில் 26 கார்பன் சில வாரங்களில் இறங்கிவிடும். ஆனால் மூளையில் தொடங்கிய நோயை அது நிறுத்தவில்லை. உணவைக் குறைத்தாலும் உடம்பு தானே செய்துகொள்ளும் என்று எவ்வளவு சொன்னாலும் அக்காவுக்கு ஏறவில்லை. அடுப்படியில் குற்றவாளி கிடைத்தால் மனசுக்கு ஆறுதல் போல.

விஜி, எங்கள் வீட்டு ராசுவை நினைவிருக்கிறதா? கூப்பிட்டால் திரும்பாமல், எழுத்து கோணிக்கொண்டு, சுவரில் முட்டிக்கொண்டு நடந்தானே. காத்துக் கருப்பு என்று கோயில் கோயிலாக அலைந்தார்கள். அவனுக்கு என்ன என்று இனி எந்தச் சோதனையும் சொல்லப்போவதில்லை. ஆனால் நான் தூங்கவில்லை.

கோளாறு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. சுமதிக்கு அக்காவிடமிருந்து வந்தது, ரத்தம் பார்த்து உறுதியாகிவிட்டது. அக்காவுக்கு அம்மாவிடமிருந்து வந்திருந்தால் எனக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, என் மகள் நித்யாவுக்கு நாலில் ஒன்று. பெண்களுக்கு மூளையைத் தாக்குவது மிக அபூர்வம். ஆனால் வயதாக ஆக நடை தளரும். என் கால் விறைப்பை மூட்டுவலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேனே! பெண்களுக்குச் சில சமயம் ரத்தத்தில் அமில அளவு சரியாகவே காட்டுமாம், அதனால் மரபணுச் சோதனைக்கே கொடுத்துவிட்டேன்.

நித்யா நிச்சயதார்த்தம் தையில். அதுவரை வாயைத் திறக்காதே என்கிறாள் அக்கா. என்னால் முடியாது. நாளைக்கு அவளுக்கு ஒரு பையன் பிறந்து, அவனும் கறுத்துப்போய் வாந்தி எடுக்கும்போது தெரியட்டுமா? முன்பே தெரிந்தால் பிள்ளையைப் பிறந்ததிலிருந்தே கவனிக்கலாம். மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

அடுத்த சனிக்கிழமை நித்யா வருகிறாள். நீயும் வா. அக்காவை அடக்க உன் ஒருத்தியால்தான் முடியும். வரும்போது உன் கைமுறுக்கு வேண்டாம், இவருக்குப் பல் கொஞ்சம்தான் மிச்சம்.

உன்,
சரோ