போவின்டவுங் போய்வந்தேன், மாப்பிள்ளை

மோல்மேன், பர்மா,
3 பிப்ரவரி 2019

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் நலத்தை உன் மகள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டாள். கண்புரை எடுத்த கண்ணில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாமே! சொட்டு மருந்தை வேளாவேளைக்கு விடு. நீயே டாக்டராகி, "சரியாப் போச்சு" என்று பாதியில் நிறுத்திவிடாதே. எனக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. இத்தனை நாளும் என் கடிதங்களை உன் மருமகள்தான் உனக்கு வாசித்துக் காட்டினாள் என்பதால் பல விஷயங்களை அடக்கித்தான் எழுதினேன். இனி அந்தக் கவலை இல்லை.

தைப்பூசம் நன்றாக நடந்தது. காவடி எடுக்கப் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள், ஒரு பதிகம் பாடச் சொன்னால்தான் ஆளைக் காணோம். உங்கள் பக்கம் நகரத்தார் காவடி பழனிக்குக் கிளம்பிப் போன படங்களைப் பார்த்தேன். பெருமூச்சுதான் விட முடிந்தது. நம் முழங்கால் பழனி வரை தாங்காது.

பூசம் முடிந்த கையோடு மாண்டலே போனோம். மருமகனுக்கு அங்கே மாற்றல். பேத்தியைப் பார்க்காமல் உன் தங்கச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன இடத்தில் மருமகன் வண்டியை எடுத்து, "மாமா, மொன்யுவா பக்கம் ஒரு சுற்றுப் போய்வரலாமா?" என்றார். பிடித்தது யோகம். போவின்டவுங் குகைகளைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. உனக்கும் தெரிந்திருக்கும். நம் பள்ளிக்கூடத்தில் பர்மியப் பாடம் எடுத்த வாத்தியார் ஒரு முறை கரும்பலகையில் படம் போட்டு விளக்கினாரே, அந்த இடம்தான். நீ அன்றைக்குக் கடைசி பெஞ்சில் தூங்கியிருந்தால் நான் பொறுப்பில்லை.

மாண்டலேயிலிருந்து மொன்யுவா சுமார் 135 கிலோமீட்டர். ரப்பர்த் தோட்டத்தையும் ஓயாத மழையையும் பார்த்தே வளர்ந்த நமக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. வறண்ட பூமி, எங்கே திரும்பினாலும் பனைமரம். வழியில் ஒரு கொட்டகையில் வண்டியை நிறுத்திப் பனங்கருப்பட்டி வாங்கினோம். உன் தங்கச்சி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "எங்க பாட்டி ஊரு இப்படித்தான் இருக்கும்னு சொல்லும்" என்றாள். அவள் பாட்டி ஊர் ராமநாதபுரம்.

மொன்யுவா போகிறவர்கள் பார்க்காமல் திரும்ப முடியாத பெரிய புத்தர் சிலை ஒன்று இருக்கிறது, லேக்யுன் செக்யா. நிற்கிற புத்தர், 116 மீட்டர் உயரம். 1996இல் ஆரம்பித்து 2008இல் முடித்தார்கள். உள்ளே மாடி மாடியாக ஏறிப் போகலாம். கீழ் மாடிகளில் நரகக் காட்சிகளை வரைந்து வைத்திருக்கிறார்கள், எண்ணெய்க் கொப்பரையெல்லாம் உண்டு. பேத்தி என் கையை விடவே இல்லை. அப்புறம் தன்போதே பகோடா. 1939இல் தொடங்கிய வேலை, 5 லட்சத்துக்கு மேல் புத்தர் உருவங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். இரண்டையும் பார்த்தேன், வியந்தேன், சரி. ஆனால் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் கை அவற்றைத் தாண்டி ஓடுகிறது.

மறுநாள் காலையில் சிந்துவின் ஆற்றைப் பாலத்தில் கடந்தோம். பாலத்தின் நடுவே வரும்போது உன் தங்கச்சி கும்பிட்டாள். அவள் தாத்தா 1942இல், ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, இந்த ஆற்றின் மேல்பக்கத்தைக் கடந்து எல்லையோரத் தமு ஊர் வழியாக மணிப்பூருக்கு நடந்தே போனவர். கூடப் போன தம்பி வந்து சேரவில்லை. அந்தக் கதையைப் பேத்திக்கு இன்னும் யாரும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

அக்கரையில் லெட்பதவுங் செம்புச் சுரங்கம். 2012இல் ஊர் ஜனங்களும் பிக்குகளும் போராடி அடிபட்டதைச் செய்தியில் பார்த்திருப்பாய். சாலையிலிருந்து மண்மேடு தெரிகிறது. மருமகன் வண்டியை நிறுத்தவில்லை. நானும் கேட்கவில்லை.

மொன்யுவாவுக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது போவின்டவுங். அண்ணாந்து பார்க்கிற மலையெல்லாம் கிடையாது, புதர்க்காட்டுக்கு நடுவே மணற்பாறைக் குன்றுகள். ஆனால் அந்தப் பாறை முழுக்க வாசல்கள், மாப்பிள்ளை! தவழ்ந்து போகிற பொந்தும் உண்டு, ஒரு குடும்பமே சம்மணமிட்டு உட்காரக்கூடிய கூடமும் உண்டு. வாசலுக்கு வாசல் படி, படியும் அதே பாறையில் வெட்டியது. ஒரு வரிசை முடிந்தது என்று திரும்பினால் தலைக்கு மேலே இன்னொரு வரிசை. தெரு, சந்து, முட்டுச்சந்து எல்லாம் இருக்கிறது. குடியிருக்க மட்டும் புத்தரைத் தவிர ஆள் இல்லை. மொத்தம் 947 குகைகள் என்பது ஒரு கணக்கு, 492 என்பது இன்னொரு கணக்கு. ஒரு முழ மாடத்தையும் குகை என்று சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் வித்தியாசம் வருகிறது போலிருக்கிறது.

குரங்கைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அடிவாரத்தில் பெண்கள் குரங்குக்குப் போடக் கடலைப் பொட்டலம் விற்கிறார்கள். வாங்கினால் குரங்கு சூழ்ந்துகொள்கிறது. அதை விரட்டக் கோலோடு கூட வருகிறவர்களும் அவர்களேதான். நல்ல வியாபாரம். எங்களிடம் கடலை இல்லை, ஆனால் உன் தங்கச்சி மாண்டலேயில் தேடிப்பிடித்து வாங்கிய மல்லிகைச் சரம் தலையில் இருந்தது. ஒரு கிழட்டுக் குரங்கு படியோரத்திலிருந்து எட்டிச் சரத்தை உருவி, முகர்ந்து பார்த்து, பிடிக்காமல் கீழே போட்டது. எடுத்துக்கொண்டு போயிருந்தாலாவது பொறுத்திருப்பாள். "மோந்து பாத்துட்டுப் போட்டுடுச்சு" என்று அன்று முழுக்க அதே பேச்சு.

செருப்பை அடிவாரத்திலேயே விட்டுவிட வேண்டும். வெறுங்காலோடு நடக்கையில் வெளியே பாறை கொதிக்கிறது, வாசலைத் தாண்டினால் ஜில்லென்றிருக்கிறது. உள்ளே முதலில் ஒன்றும் தெரியாது. செல்போன் விளக்கைப் போட்டுக் கொஞ்சம் பொறுத்தால் சுவர் மெல்ல மெல்லச் சிவப்பாகும், அப்புறம் பச்சை, கறுப்பு. விதானத்தில் வட்ட வட்டமாகப் பூ வேலை, ஓர் அங்குலம் விடாமல். அண்ணாந்து பார்த்தபோது மதுரைச் சுங்குடிச் சேலையைக் கூரையில் விரித்துக் கட்டியது போலிருந்தது. சுவரில் வரிசை வரிசையாகப் படங்கள், வரிசைக்கு வரிசை கோடு, அடியில் பர்மிய எழுத்தில் இது இன்ன கதை என்ற குறிப்பு. கோதமருக்கு முந்திய புத்தர்களையும் சேர்த்து 28 பேர் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் வரிசை ஒன்று. மற்றவை ஜாதகக் கதைகள், அதாவது புத்தரின் முற்பிறவிக் கதைகள். 14ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டு வரை குடைந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். ஓவியங்களில் பெரும்பாலானவை 17, 18ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சுதை காய்ந்த பிறகு, மரப்பிசினில் குழைத்த வண்ணத்தால் தீட்டியது. அதனால்தான் ஈரம் பட்ட இடத்தில் செதில் செதிலாக உரிகிறது.

இந்தக் கதைகளுக்கெல்லாம் வழிகாட்டி யார் தெரியுமா? பேத்திதான். பர்மியப் பள்ளியில் படிப்பவள், ஜாதகக் கதைகள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சுவரில் இருந்த பழைய எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, "தாத்தா, இது வெஸ்ஸந்தரா" என்றாள். கேட்டதையெல்லாம் தானம் கொடுக்கிற அரசகுமாரன், கடைசியில் பெற்ற பிள்ளைகளையே ஒரு கிழப் பிராமணனுக்குக் கொடுத்துவிடுகிற கதை. சொல்லி முடித்துவிட்டு, "சொந்தப் பிள்ளையை யாராவது கொடுப்பாங்களா?" என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் உன் தங்கச்சி, "ஏன், நம்ம சிறுத்தொண்டர் பிள்ளையைக் கறியே சமைச்சாரே" என்றாள். குழந்தை முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. முதல் நாள் பார்த்த நரகத்துக்குக்கூட அப்படி அரளவில்லை. சீராளன் திரும்ப ஓடிவந்ததைச் சொல்லித் தேற்றுவதற்குள் இரண்டு குகைகள் தாண்டிவிட்டோம். "அப்ப ரெண்டு கதையிலயும் அம்மாவை யாரும் கேக்கலையா?" என்றாள். சிறுத்தொண்டர் வீட்டில் கேட்டுத்தான் நடந்தது என்று பாட்டி வாதாடினாள். வழக்கு இன்னும் முடியவில்லை.

நீ காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு வாரத்துக்கொரு தடவை பிள்ளையார்பட்டி போகிறவன். அதனால் உன்னிடம்தான் இதைப் பேச முடியும். பிள்ளையார்பட்டியும் குடைவரைதானே. ஆனால் அந்தப் பாறை இரும்பு. அங்கே ஓர் அறை குடைந்து ஒரு பிள்ளையாரைக் கொண்டுவருவதற்குள் ஒரு தலைமுறை உளி தேய்ந்திருக்கும். அதனால் எண்ணிக்கை குறைவு, ஆனால் நேற்றுச் செய்தது போல நிற்கிறது. இங்கே மணற்பாறை, உளிக்குச் சொன்னபடி கேட்கும். அதனால்தான் இத்தனை நூறு. அதே காரணத்தால் மழை, வேர், காற்று எல்லாவற்றுக்கும் சொன்னபடி கேட்கிறது. சில புத்தர்களுக்கு முகம் வழவழவென்று கரைந்துவிட்டது. சிலைகளில் பலவற்றை வெளியே செதுக்கிக் கொண்டுவந்து வைக்கவில்லை. அறையைக் குடையும்போதே புத்தருக்கு வேண்டிய கல்லை நடுவில் விட்டுவிட்டுச் சுற்றிலும் எடுத்திருக்கிறார்கள். மூக்கில் ஓர் அடி தப்பினால் மாற்றுக் கல் கிடையாது. படுத்திருக்கும் புத்தர் ஒருவரின் கால் விரல்களைத் தடவலாமா என்று கை போனது. உன் தங்கச்சி முறைத்தாள்.

பிள்ளையார்பட்டியில் எக்காட்டூர்க் கோன் பெருந்தச்சன் என்று கல்லில் ஒரு பெயராவது இருக்கிறது. நீதான் அதைப் படம் எடுத்து அனுப்பினாய். போவின்டவுங்கில் நான் பார்த்த எந்தக் குகையிலும் உளி பிடித்தவன் பெயரோ தூரிகை பிடித்தவன் பெயரோ கண்ணில் படவில்லை. நானூறு வருஷம், எத்தனையோ கைகள். ஒருவன் குடைந்ததற்குப் பக்கத்தில் இன்னொருவன் தன் வசதிக்குத் தக்கபடி ஒரு மாடமோ ஒரு கூடமோ குடைந்திருக்கிறான். இடமில்லாமல் போனால் இரண்டு வாசலுக்கு இடையில் ஒரு சாண் குழியில் ஒரு சின்னப் புத்தர். முந்திய நாள் அந்த 116 மீட்டருக்குக் கீழே நின்றபோது கழுத்து வலித்தது. இந்தச் சாண் குழியின் முன்னால் என்னையறியாமல் உட்கார்ந்துவிட்டேன். நீ என்னைக் கேலி செய்வாய், செய்துகொள். நூறு வாசலைப் பார்த்த பிறகும் அடுத்ததை எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. அவ்வளவு பெரிய புத்தரை ஒரே பார்வையில் பார்த்து முடித்துவிட்டேனே.

பக்கத்திலேயே ஷ்வேபாடவுங் என்று இன்னொன்று. இது பிற்காலத்தது. நம் கழுகுமலை வெட்டுவான் கோயில் மாதிரி மேலிருந்து கீழே வெட்டியிருக்கிறார்கள். 25 அடி ஆழத்துக்குப் பாறையைச் சந்து சந்தாக அறுத்து இறக்கி, இரண்டு பக்கச் சுவரிலும் வாசல் வைத்திருக்கிறார்கள். முகப்பில் தூணும் வளைவும் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஜாடை. ஓவியம் போவின்டவுங் அளவுக்கு இல்லை, ஆனால் நடக்கச் சுகம். நிழலும் உண்டு, குரங்கும் குறைவு. உன் தங்கச்சி ஓட்டு இதற்குத்தான், காரணம் உனக்குத் தெரியும்.

ஒரு வருத்தம். ஓவியச் சுவர்களில் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள், காதலர்கள், பள்ளிப் பிள்ளைகள். சில புத்தர்களுக்குப் பக்தியோடு பளபளவென்று புது வர்ணம் அடித்திருக்கிறார்கள். கும்பிடுகிற இடம், கும்பிடுகிறவன் தன் கைக்காசைப் போட்டுச் செய்கிறான், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனாலும் அந்தப் பெயிண்ட் வாடையில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. சுத்தம் செய்கிறோம் என்று நம் கோயில் தூண்களுக்கு மணல் வீச்சு அடிக்கிறார்கள் என்று நீ ஒரு கடிதத்தில் குதித்தது நினைவுக்கு வந்தது.

இப்போது உனக்கு ஒரு வேலை. புதுக்கோட்டை தாண்டினால் சித்தன்னவாசல். இத்தனை வருஷமாகப் பக்கத்தில் இருந்துகொண்டு, "ஒரு நாள் போகணும்" என்றே எழுதுகிறாய். புதுக் கண் வந்தாயிற்று, போய்விட்டு வா. விதானத்தில் தாமரைக் குளம் இருக்கிறதாமே, மீனும் அன்னமும் யானையும், பூப்பறிக்கிற துறவிகளும். அதன் பச்சை எப்படிப்பட்ட பச்சை என்று எனக்கு எழுது. இங்கே ஒரு நீலங்கலந்த பச்சை பார்த்தேன், அது அங்கே உண்டா என்று தெரியவேண்டும். போட்டோவில் நிறம் ஏமாற்றுகிறது, அதனால் படம் போதாது, பார்த்து எழுது. வெயில் ஏறுவதற்குள் போ. மகனைக் கூட்டிப்போ, பஸ்ஸில் தனியாகக் கிளம்பாதே.

மொன்யுவாப் போர்வை பேர்போனது, உனக்கும் ஒன்று வாங்கினேன். காரைக்குடி வெயிலுக்குப் போர்வை எதற்கு என்று கேட்காதே, மார்கழிக்கு வைத்துக்கொள். பங்குனியில் நம் கோயில் குருக்களின் மைத்துனர் சென்னை வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். விலாசத்தில் பழைய கதவு எண்ணா புது எண்ணா, தெளிவாக எழுதி அனுப்பு.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. பேத்திக்குச் சிறுத்தொண்டர் மனைவி வெண்காட்டு நங்கையைப் பற்றி இன்னும் கொஞ்சம் விவரம் வேண்டுமாம், பெரியபுராணம் உன்னிடம்தானே இருக்கிறது. அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்