எந்த வலையில் பட்ட மீன்?

மதிப்புக்குரிய உணவக முகாமையாளர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துக்குச் சூசி என்கிற ஜப்பான் மீன்சோற்றுக் கடை வந்ததில் எனக்கு வருத்தமில்லை. விலையைப் பற்றியும் எழுதவில்லை. கனடாவிலிருந்து வந்த மச்சான்தான் காசு கட்டினவர். உங்கள் மெனு அட்டையின் முகப்பில் 'கடலைக் காக்கும் உணவகம்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதுபற்றித்தான் இந்த மடல்.

அன்றிரவு பாசையூர் மாமியும் எங்களோடு வந்திருந்தா. முப்பது வருஷம் மீன்சந்தையில் இருந்தவ. சோற்றின் மேல் கிடந்த துண்டை உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது என்ன மீன்? எந்த வலையில பட்டது?" என்று கேட்டா. பரிமாறின பிள்ளை மூன்று தரம் உள்ளே போய் வந்தான். சால்மனுக்கு மட்டும் உடனே பதில் வந்தது: நோர்வே, வளர்ப்பு மீன், பெட்டியிலேயே எழுதியிருக்காம். மற்றதெல்லாம் "சஸ்டெய்னபிள்தான் அம்மா." அதாவது கடலுக்குக் கேடில்லாமல் பிடித்ததாம்.

நோர்வே மீனுக்கு ஊர் இருக்கிறது. எங்கள் கடல் மீனுக்கு இல்லை.

மாமி சும்மா விடுப்பு அறியக் கேட்கவில்லை. நகை அடகு வைத்து வாங்கின வலையை, விரித்த முதல் இரவே ரோலர், அதுதான் இழுவைப் படகு, அறுத்துக்கொண்டு போனது. விடியக் கரைக்கு வந்த மாமாவின் வள்ளத்தில் மிதவைகள்தான் கிடந்தன. நகை இன்னும் மீளவில்லை. கடலடியை வழித்துக் குஞ்சு குருமனையும் அள்ளுகிற அந்த இழுவைமடியை 2017இல் இங்கே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அக்கரை இந்திய ரோலரை ஏசுகிற நாங்கள், இக்கரையில் அதே மடியை இழுப்பவர்களைக் கண்டும் காணாமல் இருக்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆகவே எந்த வலையில் பட்டதென்று தெரியாத மீனை வைத்துக்கொண்டு, கடலைக் காக்கிறோம் என்று எப்படி எழுதினீர்கள்?

மூங்கில் ஸ்ட்ரோ தந்தீர்கள், நன்றி. சோயா சோஸ் பிளாஸ்டிக் பக்கற்றில் வந்தது. இப்போது ஊரில் பலகையில் ஓர் இலை கீறினால் விடுதியும் பச்சை, கடையும் பச்சை. பச்சை மீன் என்றால் மாமிக்கு விளங்கும். பச்சைக் கடைதான் விளங்கவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு மீனுக்கும் பெயர், இறங்கின துறை, பிடித்த விதம் மூன்றையும் எழுதிப்போடுங்கள். பாரையா கணவாயா, குருநகரா மயிலிட்டியா, தூண்டிலா வலையா, வலையென்றால் எந்த வலை? ஒரு கரும்பலகையும் வெண்கட்டியும் போதும். எழுத முடியாவிட்டால் முகப்பு வரியை எடுத்துவிடுங்கள்.

அந்தப் பிள்ளையை ஏசவேண்டாம். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தயவுசெய்து சொல்லிக்கொடுங்கள், மாமி திரும்பவும் வருவா, அதே கேள்வியோடு.

இப்படிக்கு,
பாசையூர் மருமகள்