கிளாஸ்கோவில் டீச்சராகச் சேர்ந்த மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நீ அனுப்பிய பள்ளிக்கூடப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணற்கல் கட்டடம், ஒரு வாசலுக்கு மேல் பையன்கள் என்றும் இன்னொன்றின் மேல் பெண்கள் என்றும் கல்லிலேயே செதுக்கியிருக்கிறான். முகப்பில் பப்ளிக் ஸ்கூல் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்த இடமா என்று மாப்பிள்ளை கேட்டாராமே. இல்லை என்று சொல்லு. அது இங்கிலாந்துக் கணக்கு. ஸ்காட்லாந்தில் 1872-ஆம் வருஷச் சட்டப்படி ஒவ்வொரு பாரிஷுக்கும் (சர்ச் வட்டாரம்) நகரத்துக்கும் ஓட்டுப் போட்டு ஒரு ஸ்கூல் போர்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த போர்டு உள்ளூர் வரியிலும் அரசாங்க மானியத்திலும் நடத்தியதுதான் பப்ளிக் ஸ்கூல். கூலிக்காரன் பிள்ளை படித்த பள்ளிக்கூடம்.

பாடம் நடத்துகிற நேரத்தைவிட ஆஜர் போடுவதற்கும் அறிக்கை எழுதுவதற்கும்தான் அதிக நேரம் போகிறது என்று போனில் அலுத்துக்கொண்டாய். ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டரிடம் இதைச் சொன்னால் சும்மா இருப்பானா? உன் கட்டடம் புதிதாக இருந்த காலத்தில், அதாவது ஏழாம் எட்வர்ட் ஆண்ட 1901 முதல் 1910 வரை, அங்கே ஒரு பள்ளிக்கூடம் தினசரி எப்படி நடந்தது என்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குத் தோன்றியது இதுதான்: அவர்களுடைய பெரும்பாடு பாடத்தில் இல்லை. பிள்ளையை வகுப்புக்குள் கொண்டுவந்து, பாடம் காதில் ஏறுகிற நிலையில் உட்காரவைப்பதிலேயே பாதி சக்தி போயிருக்கிறது.

மானியம் சராசரி வருகையை வைத்துத்தான் கணக்கிடப்பட்டது. ஒவ்வொரு பிள்ளையையும் பரீட்சை வைத்து, தேறிய தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்த பழைய முறையை 1890-க்குள் கைவிட்டுவிட்டார்கள். ஆனாலும் வந்தவர் எண்ணிக்கையின் மேல் பணம் தொங்கியது மாறவில்லை. காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம் ரெஜிஸ்டர். குறித்த நேரத்துக்குள் போட்டு மூடிவிட வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது. வராத பிள்ளையின் வீட்டுக்கு போர்டின் வருகை அதிகாரி போவார். அப்படியும் அனுப்பாவிட்டால் பெற்றோரை போர்டு முன்னால் வரவழைப்பார்கள், அதற்கும் மசியாவிட்டால் கோர்ட்டு. 1901-இல் பள்ளி வயதின் மேல் எல்லையை 14 ஆக்கினார்கள். 12 ஆனதும் விலக்கு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போன பிள்ளைகளும் இருந்தார்கள்.

ரெஜிஸ்டருக்கு அடுத்தது லாக் புக், அதாவது பள்ளிக்கூடத்தின் நாட்குறிப்பு ஏடு. தலைமை ஆசிரியர் வாரத்துக்கு ஒரு தடவையாவது அதில் எழுதியே ஆக வேண்டும். அதற்கு ஒரு விதி வைத்திருந்தான் பார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது: நடந்ததை மட்டும் எழுது, உன் பொதுவான கருத்து எதையும் எழுதாதே. அதனால் இப்படிப்பட்ட ஏட்டில் பக்கத்துக்குப் பக்கம் மழை, பனி, வருகை குறைவு. உருளைக்கிழங்கு தோண்ட ஆள் வேண்டும் என்று பிள்ளைகள் வயலுக்குப் போய்விட்டார்கள். தட்டம்மை, கக்குவான் இருமல், ஸ்கார்லெட் காய்ச்சல், மருத்துவ அதிகாரி உத்தரவுப்படி பள்ளி மூடல். இன்ஸ்பெக்டர் வந்தார், அவர் அறிக்கையின் சுருக்கம் இது. கருத்து எழுதாதே என்று கட்டளை போட்டாலும், குளிரில் நடுங்கும் வகுப்பை 'ஸ்டவ் புகைகிறது, போர்டுக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று ஒருவர் மூன்றாம் தடவையாக எழுதினால் அதில் என்ன கருத்து இல்லை? நானும் இருபத்தைந்து வருஷம் இந்த மாதிரி ஏடுகளில் எழுதியவன்தானே, எனக்குப் புரியும்.

மேட்டுநிலங்களிலும் தீவுகளிலும் அடுப்புக்கு ஆளுக்கொரு பீட் கட்டியைப் பிள்ளைகளே வீட்டிலிருந்து கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். சதுப்பு மண்ணைக் காயவைத்து எரிக்கிற கட்டி அது. வெயில் காலத்தில் பல பிள்ளைகளுக்குச் செருப்பு கிடையாது. குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடும் என்பதால் சில ஊர்களில் மதிய இடைவேளையைக் குறைத்து முன்னதாகவே விட்டுவிடுவார்கள். வீட்டில் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் பேசிய பிள்ளைகளுக்கும் பாடம் இங்கிலீஷில்தான். 1872 சட்டத்தில் கேலிக் என்ற பேச்சே இல்லை, 1918-இல்தான் அதற்கு ஒரு வரி இடம் கிடைத்தது.

வகுப்புக்கு 60 பேர் என்பது சாதாரணம். உன்னுடைய முதல் வகுப்பில் 25-க்கு மேல் சேர்க்கக்கூடாது என்று இன்று சட்டம் இருக்கிறது, அதையும் நினைத்துக்கொள். நாள் பெரும்பாலும் பைபிளோடும் கிறிஸ்தவ சமய வினா விடையோடும் தொடங்கும். வேண்டாம் என்கிற பெற்றோர் தம் பிள்ளையை அதிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். அப்புறம் வாசிப்பு, எழுத்து, கணக்கு, பெண்களுக்குத் தையல், பையன்களுக்கு டிரில். சின்னதுகளுக்கு சிலேட்டு, பெரியதுகளுக்கு மைக்கூடு. தப்பு செய்தால் நுனி பிளந்த தோல் வாரால் உள்ளங்கையில் அடி. ஃபைஃப் பக்கம் லாக்கெல்லி என்கிற ஊரில் செய்த வார்தான் பேர்போனது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1982-இல் ஸ்காட்லாந்துத் தாய்மார் இருவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகு, 1987-இல்தான் அரசுப் பள்ளிகளில் அது சட்டப்படி ஒழிந்தது. நீ பிறந்த சமயம்!

இத்தனை பேரையும் ஒரு ஆசிரியர் எப்படி மேய்த்தார்? மாணவ ஆசிரியர்கள் இருந்தார்கள். 14, 15 வயதுப் பிள்ளைகள் பகலில் பாடம் நடத்துவார்கள், பள்ளி நேரத்துக்கு வெளியே தலைமை ஆசிரியரிடம் தாங்கள் படிப்பார்கள். 1906-இல் இந்த ஏற்பாட்டை மாற்றி, முதலில் ஒழுங்காகப் படி, பிறகு கற்பி என்று ஆக்கினார்கள். இதன் வேரில் நம்ம சட்டாம்பிள்ளை நிற்கிறான், தெரியுமா? செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர் ஆண்ட்ரூ பெல், 1789 முதல் சென்னை எழும்பூர் அனாதைப் பையன்கள் விடுதியைப் பார்த்துக்கொண்டவர். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். மூத்த பையனை வைத்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே நடத்தி, ஊருக்குப் போய் மதராஸ் முறை என்று பரப்பினார். அவர் பணத்தில் 1833-இல் திறந்த மதராஸ் காலேஜ் என்ற பள்ளி செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்னும் இருக்கிறது. ஒரு லீவு நாளில் போய்ப் பார்.

மாணவ ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர் ஏ. எஸ். நீல். ஃபார்ஃபர் பக்கம் கிங்ஸ்முயர் பள்ளியில் அப்பாதான் தலைமை ஆசிரியர், மகன் அவருக்குக் கீழே. பிள்ளைகளுக்கு இஷ்டமில்லாவிட்டால் வகுப்புக்கே வர வேண்டாம் என்ற சம்மர்ஹில் பள்ளியைப் பிற்காலத்தில் தொடங்கியவர் அவர்தான். ஆஜர் ரெஜிஸ்டர் ஒரு மனுஷனை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது பார்!

உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது டீச்சரம்மாக்கள் கதை. அந்தக் காலத்திலேயே ஆசிரியர்களில் பாதிக்கும் மேல் பெண்கள்தான். சம்பளம் மட்டும் ஆண்களுக்குக் கிடைத்ததில் ஏறக்குறையப் பாதி. கல்யாணம் ஆனால் பல போர்டுகளில் வேலையை விட வேண்டும். நீயோ கல்யாணத்துக்கு அப்புறம் படித்து டீச்சர் ஆனவள், உன்னை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். இதில் வேடிக்கை, அதே போர்டுகளுக்குச் சொத்துள்ள பெண்கள் ஓட்டும் போடலாம், நிற்கவும் நிற்கலாம். ஃப்ளோரா ஸ்டீவன்சன் என்ற அம்மாள் 1873-இல் எடின்பரோ போர்டுக்குத் தேர்வாகி, 1900-இல் அதற்கே தலைவி ஆனார். பள்ளிக்கு வர ஒப்புக்கொள்ளும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் துணியும் கிடைக்க நன்கொடையில் ஏற்பாடு செய்தவர். அவர் பெயரில் எடின்பரோவில் ஒரு பள்ளி இருக்கிறது.

உன் ஊர்க் கணக்கு ஒன்றைப் படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கிளாஸ்கோ பள்ளிகளில் 72,857 பிள்ளைகளின் உயரமும் எடையும் எடுத்து 1907-இல் அறிக்கை வெளியிட்டார்கள். வீட்டில் எத்தனை அறை என்று பார்த்துப் பிரித்தார்கள். ஒற்றை அறை வீட்டுப் பையன், நாலு அறை வீட்டுப் பையனைவிடச் சராசரியில் 4.7 அங்குலம் குட்டை, 11.7 பவுண்டு எடை குறைவு. ஒரே பெஞ்சு, ஒரே சிலேட்டு! அடுத்த வருஷமே வந்த 1908 சட்டம் மருத்துவப் பரிசோதனைக்கும், வறுமையில் இருந்த பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கவும் போர்டுகளுக்கு அதிகாரம் தந்தது. வரிப்பணத்தில் சோறு போட்டால் பெற்றோருக்குப் பொறுப்புப் போய்விடும் என்று அப்போதும் சிலர் பேசினார்கள். அந்தப் பேச்சு எந்தக் காலத்திலும் ஓயாது போலிருக்கிறது.

ஸ்காட்லாந்து ஸ்ட்ரீட் பள்ளியை வெளியிலிருந்தாவது பார்த்துவிடு. மெக்கின்டாஷ் என்ற கட்டடக் கலைஞர் 1903-க்கும் 1906-க்கும் நடுவே கட்டியது, பின்னாளில் மியூசியமாக்கினார்கள். பையன்களுக்கு ஒரு படிக்கட்டுக் கோபுரம், பெண்களுக்கு ஒன்று, இரண்டும் கண்ணாடி மயம். சின்னதுகளுக்கு நடுவில் குட்டி வாசல். செலவு விஷயத்தில் போர்டுக்கும் அவருக்கும் தகராறு. எனக்குப் பிடித்தது, நனைந்த கோட்டுகள் காய்வதற்கென்று உடை மாட்டும் இடத்தில் வெந்நீர்க் குழாய் ஓடவிட்டிருப்பது. வரைபடம் போடும்போதே மழையில் நனைந்து வரும் பிள்ளையை யாரோ நினைத்திருக்கிறார்கள்.

ஒரு உதவி செய். கிளாஸ்கோ போர்டு பள்ளிகளின் லாக் புக்குகள் மிட்செல் லைப்ரரியில் இருக்கிற நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உன் பள்ளியுடையது அங்கே இருந்தால், எட்வர்ட் காலத்தில் ஏதாவது ஒரு வருஷத்து அக்டோபர் பக்கங்களைப் படம் எடுக்க விடுகிறார்களா என்று கேட்டுப் பார்.

அக்டோபர் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த லீவை அங்கே இன்னும் உருளைக்கிழங்கு லீவு என்றுதான் பேச்சுவழக்கில் சொல்கிறார்களாமே. அதற்கு இங்கே வருவதாக இருந்தால் டிக்கெட்டை இப்போதே போடச் சொல்லு மாப்பிள்ளையிடம், தீபாவளி நெருங்கினால் விலை ஏறிவிடும். அம்மா இஞ்சி லேகியம் கிளற ஆரம்பித்துவிடுவாள், தேதியை மட்டும் அவளிடம் முதலில் சொல்.

அன்புடன்,
அப்பா